குழிக்குள் ஒரு பூ

நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்தில் வியாபாரிகள் செய்யும் ஒரு காரியத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். குவியலுக்குள் கையை விட்டு ஒரு விரலியை எடுப்பார்கள். வெளித்தோலை ஒரு பார்வை பார்ப்பார்கள். அப்புறம் படக்கென்று ஒடித்து உள்நிறத்தைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் விலை பேச்சு. விரலிக்கு ஒரு விலை, உருண்டைக்கு ஒரு விலை, பனங்காளிக்கு ஒரு விலை. மேலே கொஞ்சம் கருத்திருக்கிறது என்று முழு மூட்டையையும் யாரும் குப்பையில் கொட்டுவதில்லை.

கேம் விஷயத்தில் நமக்கு இந்தப் பொறுமை கிடையாது. "மொக்கை" என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். அதைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. ஏன் மொக்கை, எது மொக்கை, எங்கே உடைந்தது, உடையாமல் மிச்சம் என்ன இருக்கிறது, இதெல்லாம் யாரும் கேட்பதில்லை. ஒடித்துப் பார்க்காமலே மூட்டையைத் தள்ளிவிடுகிறோம்.

மொக்கை என்று பேரெடுத்த இரண்டு கேம்களை இங்கே ஒடித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஒன்று கலிஃபோர்னியாவில் செய்தது. இன்னொன்று ஹைதராபாத்தில் செய்தது. அதன் நாயகர் எங்கள் மாவட்டத்துக்கு ரொம்ப வேண்டியவர்.

*

முதலாவது, ஈ.டி. 1982-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் படம் வெளியாகி உலகமே அழுதுகொண்டிருந்த சமயம். படத்தை வைத்து கேம் செய்யும் உரிமையை அட்டாரி நிறுவனம் வாங்கியது. அதற்குக் கொடுத்த தொகை இரண்டு கோடி டாலருக்கு மேல் என்று சொல்வார்கள். பேரம் முடியும்போது ஜூலை மாதக் கடைசி ஆகிவிட்டது. கிறிஸ்துமஸுக்குக் கடையில் இருக்க வேண்டும் என்றால், தொழிற்சாலை வேலைக்கான நாட்களைக் கழித்துப் பார்த்தால், கேமை எழுதக் கையில் இருந்தது ஐந்து வாரம்தான்.

எழுதியவர் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா. அதற்கு முன் அவர் செய்த 'யார்ஸ் ரிவெஞ்ச்' அந்தக் கன்சோலின் சிறந்த கேம்களில் ஒன்று. அதற்கெல்லாம் மாதக்கணக்கில் நேரம் கிடைத்திருந்தது. இந்தமுறை வீட்டிலேயே ஒரு கணினியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். அட்டாரி 2600-இன் நினைவகம் எவ்வளவு தெரியுமா? 128 பைட். தமிழில் யூனிகோடில் தட்டினால் ஐம்பது எழுத்துகூட அதற்குள் அடங்காது.

பாக்-மேன் மாதிரி ஏதாவது செய்யலாமே என்று ஸ்பீல்பெர்க்கே கேட்டாராம். சுலபமான வழி. ஐந்து வாரத்தில் ஒழுங்காக முடிந்தும் இருக்கும். வார்ஷா அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு திரைகளை ஒரு பெட்டியின் ஆறு பக்கங்கள்போல் ஒன்றோடொன்று இணைத்தார். நான்கு பக்கங்களில் குழிகள், ஒன்றில் காடு, ஒன்றில் வாஷிங்டன். குழிகளுக்குள் தொலைபேசியின் மூன்று துண்டுகள் சிதறிக் கிடக்கும். அவற்றைத் தேடிச் சேர்த்து, தன் வீட்டுக்குத் தகவல் அனுப்பி, கப்பல் வந்து ஏற்றிக்கொள்ளும் இடத்துக்கு ஈ.டி. போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு முறையும் துண்டுகள் வேறு இடத்தில் இருக்கும். கையில் ஆயுதம் கிடையாது, யாரையும் சுட முடியாது. சக்தி தீர்ந்து ஈ.டி. விழுந்தால் எலியட் ஓடிவந்து எழுப்புவான். சுடுவதுதான் கேம் என்றிருந்த காலத்தில் ஒருவர் இப்படி யோசித்திருக்கிறார்.

அப்புறம் எங்கே கெட்டது? குழியில்தான் கெட்டது. திரையில் குழியைக் கொஞ்சம் சாய்வாகப் பார்ப்பதுபோல் வரைந்திருக்கிறார்கள். பார்க்கிற நமக்கு ஈ.டி.யின் கால் குழிக்கு வெளியே இருப்பதுபோல் தெரியும். கணினிக்கு அந்தக் கணக்கு தெரியாது. உருவத்தின் ஏதாவது ஒரு புள்ளி, அது தலையாக இருந்தாலும், குழியின் நிறத்தைத் தொட்டால் உள்ளே தள்ளிவிடும். தவித்து மேலே வந்தால் திரும்ப உள்ளே. வாங்கிய பிள்ளைகளுக்கு ஞாபகம் இருந்தது இந்த விழுதல் மட்டும்தான்.

சுமார் நாற்பது லட்சம் கேட்ரிட்ஜ்கள் செய்தார்கள். பதினைந்து லட்சம் அளவில் விற்றது. அது சின்ன எண்ணிக்கை இல்லை, ஆனால் மிச்சம் கிடங்கில் நின்றது. 1983-இல் அட்டாரியின் நஷ்டம் 50 கோடி டாலரைத் தாண்டியது. அமெரிக்காவின் கேம் சந்தையே அந்த வருடம் சரிந்தது. கடைகள் தாங்கும் அளவுக்கு மேல் ஆளாளுக்குக் கேம் செய்து குவித்தது, பாக்-மேனை எக்கச்சக்கமாகச் செய்து தேக்கியது, வீட்டுக் கணினிகளின் விலை இறங்கியது என்று பல காரணங்கள். ஆனால் பழி போட ஒரு முகம் வேண்டுமே. ஈ.டி.யின் முகம் வாகாக இருந்தது. அந்த வருடம் செப்டம்பரில் நியூ மெக்ஸிகோவின் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டி, மேலே கான்கிரீட் ஊற்றி மூடினார்கள்.

இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்தக் குழிகளில் ஒன்றின் அடியில் வாடிய பூ ஒன்று இருக்கிறது. பக்கத்தில் போய் ஈ.டி. கழுத்தை நீட்டினால் அது நிமிர்ந்து உயிர் பெறும். படத்தில் வருகிற அதே பூ. சில நிபந்தனைகள் கூடிவந்தால் அந்தப் பூ 'யார்' ஆக மாறிப் பறந்து போகும். வார்ஷாவின் முதல் கேமின் நாயகன் அது. ஐந்து வாரம், தூக்கமில்லாத ராத்திரிகள், 128 பைட். அதற்குள் எல்லோரும் திட்டப்போகிற அதே குழிக்குள் இறங்கி ஒரு மனுஷன் ஒரு பூவை வைத்திருக்கிறார்.

2013-இல் ஒரு ரசிகர் அந்த நிரலைப் பிரித்து, கால் பட்டால் மட்டும் விழும்படி மாற்றிக் காட்டினார். மாற்ற வேண்டியிருந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சில பைட்கள்தான். நல்ல கேமுக்கும் 'உலகின் மோசமான கேம்' என்ற பட்டத்துக்கும் நடுவே இருந்த தூரம் அவ்வளவுதான் என்று சொன்னால் கொஞ்சம் மிகை. ஆனால் கேமை நாலு பிள்ளைகள் கையில் கொடுத்து ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்திருந்தால் அந்தப் பைட்கள் தாமாகவே கண்ணில் பட்டிருக்கும். இல்லாமல் போனது திறமை அல்ல, அந்த ஒரு வாரம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காசு சேர்த்து வாங்கி ஏமாந்த பிள்ளையிடம் போய் இந்தப் பூவைக் காட்டிச் சமாதானம் செய்ய முடியாது. அவன் ஏமாற்றம் நிஜம். ரசிப்பது வேறு, மன்னிப்பது வேறு. ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதால் என்ன இல்லை என்பது மறைந்துவிடாது.

*

இரண்டாவது கேமுக்கு வருவதற்கு முன் எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறி, ராசிபுரம் தாண்டி, நாமக்கல் போக வேண்டும். அங்கே கோட்டைக்குக் கீழே பதினெட்டு அடி உயரத்தில் ஆஞ்சநேயர் நிற்கிறார். தலைக்கு மேல் கூரை கிடையாது. வெயிலோ மழையோ, எதிரே இருக்கும் நரசிம்மரைப் பார்த்துக் கைகூப்பியபடியே நிற்பார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர் சாமி என்பதைவிடப் பழகிய பெரியவர் மாதிரி. வடைமாலை சாத்தினால் பிரசாத வடைக்கு அடித்துக்கொள்வோம். பள்ளி மாறுவேடப் போட்டியில் யாராவது ஒருத்தன் வாலைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

அந்த ஆஞ்சநேயர் 2009 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 2-க்குள் வந்தார். கேமின் பெயர் 'ஹனுமான்: பாய் வாரியர்'. ஹைதராபாத்தின் ஔரோனா டெக்னாலஜிஸ் செய்தது, சோனி வெளியிட்டது. முழுக்க முழுக்க இந்தியாவில் உருவான முதல் பிளேஸ்டேஷன் கேம் அது.

வந்ததும் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி. அமெரிக்காவிலிருந்து இந்து அமைப்பு சார்பில் ராஜன் ஸெட் என்பவர் எதிர்ப்புத் தெரிவித்தார். வணங்க வேண்டிய தெய்வத்தை ஜாய்ஸ்டிக்கால் ஆட்டுவதா என்பது அவர் கேள்வி. இன்னொரு பக்கம் விமர்சகர்கள். அவர்களுக்குச் சாமி பிரச்சினை இல்லை, கேம்தான் பிரச்சினை. மிக மோசமான மதிப்பெண்கள் போட்டார்கள்.

முதல் குற்றச்சாட்டு எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகப்பட்டது. நம் ஊர்ப் பொம்மலாட்டத்தில் அனுமனை ஆட்டுவது யார்? திரைக்குப் பின்னால் ஒரு மனுஷன் கயிற்றைப் பிடித்துத்தான் ஆட்டுகிறார். தோற்பாவைக் கூத்தில் ஆட்டுத்தோலில் வெட்டிய அனுமனைக் குச்சியில் கட்டி, விளக்குக்கு முன்னால் பறக்கவிட்டு, இலங்கையைக் கொளுத்த வைக்கிறார்கள். சாமியைக் கையால் இயக்குவது நமக்குப் புதுசில்லை. கண்ட்ரோலர் இன்னொரு குச்சி, அவ்வளவுதான்.

இரண்டாவது குற்றச்சாட்டுதான் கனமானது. அதைப் புரிந்துகொள்ள அன்றைய இந்தியக் கேம் தொழில் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். 1997-இல் பெங்களூரில் துருவா இன்டராக்டிவ் தொடங்கியது. அதற்குப் பின் பல ஊர்களில் ஸ்டூடியோக்கள் வந்தன. சோறு போட்டது பெரும்பாலும் வெளிநாட்டு ஒப்பந்த வேலை. யாரோ வடிவமைக்கும் ரேஸ் கேமுக்குக் கார் வரைந்து கொடுப்பது, மரம் செய்து கொடுப்பது, கட்டடத்துக்குத் தோல் போர்த்திக் கொடுப்பது. வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் அந்தக் கார் எப்படி ஓட வேண்டும், கேமரா அதை எவ்வளவு தூரத்தில் தொடர வேண்டும், ஆடுகிறவர் எந்த நொடியில் சலிப்படைவார் என்பதெல்லாம் வேறு நாட்டில், வேறு மேசையில் முடிவாகும்.

ஒரு ஆள் இருபது வருடம் கல்யாண வீட்டுப் பந்தியில் காய் மட்டும் நறுக்கியிருக்கிறார் என்று வையுங்கள். கத்தி பிடிக்கிற கையில் குறை சொல்ல முடியாது. ஒருநாள் திடீரென்று முழுச் சமையலையும் அவர் தலையில் கட்டினால் எங்கே தடுமாறுவார்? காயில் தடுமாற மாட்டார். உப்பிலும் பதத்திலும்தான். 'ஹனுமான்' போன்ற முதல் முயற்சிகளை நான் இப்படித்தான் பார்க்கிறேன். ஒப்பந்த வேலை சொல்லித்தராத பாடங்கள் எவையோ அவற்றில்தான் அவை தடுமாறியிருக்க வேண்டும். ஆடும் கைக்குச் சுகமாக இருக்கிறதா என்பது பத்து கேம் செய்து பத்து முறை தோற்று வருகிற அறிவு. அமெரிக்காவும் ஜப்பானும் 1970-களிலிருந்து அப்படித் தோற்றுக்கொண்டே வந்தவர்கள். இங்கே முதல் கேமையே அவர்கள் முப்பதாவது கேமோடு வைத்து எடைபோட்டார்கள். வாங்குகிறவருக்கு அந்த உரிமை உண்டுதான். வரலாறு எழுதுகிறவருக்கு அந்தத் தராசு போதாது.

அப்படியென்றால் அதில் ரசிக்க என்ன இருக்கிறது? முதலில், எந்தக் கன்சோலுக்குச் செய்தார்கள் என்று பாருங்கள். 2009 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 3 வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பளபளப்பாக ஏதாவது செய்து பேர் வாங்க நினைத்திருந்தால் அதற்குச் செய்திருக்கலாம். ஆனால் இங்கே வீடுகளிலும் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் கடைகளிலும் இருந்தது பழைய 2-தான். 32 எம்பி நினைவகம் கொண்ட, பத்து வயதை நெருங்கிய அந்தப் பெட்டிக்குள் அடங்கும்படி செய்தார்கள். விலையும் ஐந்நூறு ரூபாய்க்குள். வெளிநாட்டுக் கேம்களை அசல் டிஸ்க்காக வாங்க வக்கில்லாமல் திருட்டு டிஸ்க் தேடிக்கொண்டிருந்த பிள்ளைகளை நினைத்துப் போட்ட விலை அது. யாருக்காகச் செய்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உலகின் பெரிய கன்சோல் ஒன்றுக்குள் நமக்காக என்றே ஒரு பொருள் நுழைந்தது.

அடுத்தது, எடுத்துக்கொண்ட கதை. குட்டி அனுமன் கதையில் ஒரு சங்கதி உண்டு. சேட்டை தாங்காமல் முனிவர்கள் சபித்துவிடுவார்கள், தன் பலமே தனக்கு மறந்துபோகும். பிறகு கடற்கரையில் ஜாம்பவான் எடுத்துச் சொன்னதும்தான் ஞாபகம் வந்து கடலைத் தாவுவான். இந்தியாவின் முதல் பிளேஸ்டேஷன் கேமுக்கு இதைவிடப் பொருத்தமான நாயகன் கிடையாது. திறமை இருக்கிறது, அது தன்னுடையது என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. நாங்கள் எல்லோரும் ஜாம்பவான் வேலையை விட்டுவிட்டு முனிவர் வேலையைத்தான் பார்த்தோம். "நம்மாளுங்களுக்கு இதெல்லாம் வராதுப்பா" என்ற அந்த ஒற்றை வரியைக் கல்லூரி விடுதிகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன். ஒரு கேம் சரியில்லை என்பது தகவல். நமக்கு வராது என்பது சாபம். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு நாம் தாவிய வேகம் அனுமனுக்கே வராது.

*

2020-இல் புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 'ராஜி' என்ற கேமை வெளியிட்டது. 2017-இல் மக்களிடம் நிதி திரட்டிப் பார்த்துத் தோற்று, பிறகு எழுந்து வந்த கேம். சண்டைக் காட்சிகள் சுமார் என்று அதற்கும் விமர்சனம் வந்தது. ஆனால் இந்தமுறை பேசியவர்கள் அங்கேயே நிற்கவில்லை. செதுக்கிய சுவர்களை, ஒளியை, நிழற்பாவைகளாக விரியும் கதைக் காட்சிகளைப் பற்றியும் பேசினார்கள். அதே குச்சி, அதே விளக்கு. 'ஹனுமான்' இல்லாவிட்டால் 'ராஜி' வந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி நேர்கோடு எதுவும் இல்லை. பார்க்கிற விதம் கொஞ்சம் மாறியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அலமகோர்டோ குப்பைமேட்டை 2014 ஏப்ரல் 26 அன்று தோண்டினார்கள். புழுதிக் காற்றுக்கு நடுவே கூட்டம் நின்றது. வார்ஷாவும் வந்திருந்தார். அதற்குள் அவர் கேம் தொழிலை விட்டு உளவியல் சிகிச்சையாளர் ஆகியிருந்தார். முப்பது வருடம் கழித்துத் தன் கேம் மண்ணிலிருந்து வெளியே வருவதைக் கண்ணீரோடு பார்த்தார். எடுத்த 1,300 கேட்ரிட்ஜ்களில் பலவற்றை ஏலம் விட்டதில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. ஒரு ஈ.டி. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. குப்பை என்று புதைத்ததை ஒடித்துப் பார்க்க முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

'ஹனுமான்' டிஸ்க்குகளை யாரும் புதைக்கவில்லை. கீறல் விழுந்து, உறை தொலைந்து, எந்தெந்த வீட்டுப் பரணிலோ கிடக்கின்றன. மஞ்சள்காட்டுக்காரர்கள் அறுவடை முடிந்ததும் மொத்தத்தையும் வேகவைத்து விற்றுவிடுவதில்லை. அடுத்த நடவுக்கு வேண்டிய விதைமஞ்சளைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். அதைப் பார்த்து யாரும் விலை கேட்பதில்லை.

தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போது பரணில் அப்படி ஒரு டிஸ்க் கண்ணில் பட்டால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். துடைத்து எடுத்து வையுங்கள். ஓடுகிற பெட்டி யாரிடமாவது இருந்தால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். எரிச்சல் வரும். வரட்டும். குழியில் விழுந்தால் உடனே ஏறிவிடாமல் அடியில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் சுற்றிப் பாருங்கள்.