பெற்ற உடம்பின் நினைவு

2003இல் என் பெரியம்மாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. நான்கு பிள்ளைகளைப் பெற்றவர். மூத்த அண்ணன் தன் சிறுநீரகத்தைத் தர முன்வந்தார். ரத்தவகை பொருந்தியது. கடைசிப் பரிசோதனை முடிந்ததும், "கிராஸ்மேட்ச் பாசிட்டிவ், ஒத்துவராது" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. "பெத்த புள்ளையோடதே சேரலைன்னா அது என்ன ஒடம்பு?" என்று உறவினர் ஒருவர் கேட்டது பெரியம்மாவின் காதில் விழுந்துவிட்டது. டயாலிசிஸ் படுக்கையில் அவர் என்னிடம் கேட்டார்: "என் புள்ளைய என் ஒடம்பு வேணாங்குதாடி?" தமிழ் படித்த என்னிடம் பதில் இல்லை. அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார்.

அவருடைய கேள்விக்கான பதிலை விஞ்ஞானம் 1958லேயே எழுதத் தொடங்கிவிட்டது.

1954இல் பாஸ்டனில் நடந்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, ஒரே உருவ இரட்டையருக்கு இடையில் நடந்தது. மரபணுக்கள் ஒன்றே என்பதால் உடம்பு அதை அந்நியமாகப் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கு? நம் செல்களின் மேற்பரப்பில் உள்ள சில அடையாளங்களைக் கொண்டுதான் உடம்பு தன்னையும் பிறரையும் பிரித்தறிகிறது. அந்த அடையாளங்களைக் கண்டுபிடிக்க உதவியது, பிள்ளை பெற்ற பெண்களின் ரத்தம்.

கருவிலிருக்கும் குழந்தையின் அடையாளங்களில் பாதி தகப்பனுடையவை. கர்ப்பத்தின்போதும் பிரசவத்தின்போதும் குழந்தையின் செல்கள் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. தகப்பன்வழி அடையாளங்களுக்கு எதிராகத் தாயின் உடம்பு எதிர்ப்பொருள்களை உருவாக்கக்கூடும். பேறுகள் கூடக்கூட அதற்கான வாய்ப்பும் கூடும். 1958இல் ஸ்டான்ஃபோர்டில் ரோஸ் பெய்ன் என்ற பெண் விஞ்ஞானியும், நெதர்லாந்தின் லைடன் நகரில் யான் வான் ரூடும் தனித்தனியே இதை வெளியிட்டார்கள். அதே ஆண்டு பாரிஸில் ஜான் தோசே, பலமுறை ரத்தம் ஏற்றப்பட்டவர்களின் சீரத்திலிருந்து முதல் அடையாளத்தைக் கண்டார். 1964இல் பெய்ன், ஜூலியா போட்மர், வால்டர் போட்மர் ஆகியோர் சேர்ந்து மேலும் சில அடையாளங்களை வகைப்படுத்தினார்கள். இன்று எச்.எல்.ஏ. என்கிறோமே, அது இப்படித்தான் உருவானது.

அதன்பின் பல ஆண்டுகள், பல பிள்ளை பெற்ற பெண்களின் சீரம்தான் உலகெங்கும் திசுப் பரிசோதனையின் மூலப்பொருள். பால் தெராசாகி 1964இல் வடிவமைத்த சோதனைக்கு ஒரு மைக்ரோலிட்டர் சீரம் போதும். அதனால் ஒரு தாயின் ரத்தத்தைக் கொண்டு எத்தனையோ பேரைச் சோதிக்க முடிந்தது. எதிர்ப்பொருள் இருக்கும்போதே உறுப்பு பொருத்தினால் என்ன ஆகும் என்பதை 1969இல் பட்டேலும் தெராசாகியும் காட்டினார்கள். கிராஸ்மேட்ச் பாசிட்டிவாக இருந்த 30 மாற்றுகளில் 24 உடனடியாகத் தோற்றன. நெகட்டிவாக இருந்த 195இல் தோற்றவை 8 மட்டுமே.

எச்.எல்.ஏ. மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் இருக்கின்றன. தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி. உடன்பிறந்த இருவருக்கு இரண்டும் ஒத்துப்போக நான்கில் ஒரு வாய்ப்பு. பொருத்தம் குறைந்த உறுப்பு முதல் வருடங்களில் நன்றாக இயங்கினாலும், பின்னாளில் புதிய எதிர்ப்பொருள்கள் தோன்றி அதன் ரத்தக்குழாய்களை மெல்ல மெல்லச் சிதைக்கலாம்.

1980இல் நோபல் பரிசு தோசே, ஸ்னெல், பெனாசெராஃப் மூவருக்குக் கிடைத்தது. ரோஸ் பெய்னின் பெயர் அதில் இல்லை. சீரம் கொடுத்த தாய்மாரின் பெயர்களோ பரிசுப் பேச்சுக்கே வராதவை.

இந்தியாவில் உயிரோடிருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். பெறுபவர்களில் பெரும்பான்மையினர் ஆண்கள். பிள்ளை பெற்ற மனைவிக்குக் கணவனின் உறுப்போ மகனின் உறுப்போ பொருந்தாமல் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த இடைவெளி முழுவதையும் உயிரியலின் தலையில் கட்ட முடியாது. பெண்ணுக்காக வேறு கொடையாளரைத் தேட எத்தனை வீடுகள் மெனக்கெடுகின்றன? பொருந்தாத இரு குடும்பங்கள் கொடையாளர்களை மாற்றிக்கொள்ள 2011 சட்டத்திருத்தம் வழிசெய்திருக்கிறது. அதைக் கேட்டுப் பெறவும் வீட்டில் ஒருவர் வேண்டும்.

பெரியம்மா, உங்கள் உடம்பு அண்ணனை வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்ணனைச் சுமந்த அந்தப் பத்து மாதத்தை அது மறக்கவில்லை. இதை அன்றைக்கே யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம்.