ஆன்டெனா கிழக்கே திரும்பியிருந்த காலம்



போன வாரம் பேத்தி போனில் கூப்பிட்டு, "தாத்தா, ஒங்களுக்குப் பிடிச்ச டிவி புரோகிராம் எது, பிடிக்காதது எது? ஸ்கூல்ல பெரியவங்ககிட்ட கேட்டு எழுதிட்டு வரச் சொன்னாங்க" என்றாள். ரெண்டு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பது வருஷம் வரலாறு நடத்தினவனிடம் கேட்டது அவள் தப்பு. அவளுக்குச் சொன்னதையும், சின்னப் பிள்ளை என்பதால் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அதனால் திருச்செந்தூருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. சென்னை நமக்கு நேர்கோட்டிலேயே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நம் கடற்கரைக்கு டிவி வந்தது மேற்கே இருந்தும் இல்லை, வடக்கே இருந்தும் இல்லை. 1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. ஜப்பான் உதவியில் அமைந்த நிலையம். அந்த நாட்டிலேயே உயரமான பீதுருதாலகால மலையில், 2,500 மீட்டருக்கு மேல், ஒலிபரப்புக் கோபுரம். நமக்கும் அதற்கும் சுமார் 330 கிலோமீட்டர் இருக்கும். ஆனால் பாதிக்கு மேல் வெறும் கடல், குறுக்கே மறைக்க ஒன்றுமில்லை. வெயில் காலத்தில் கடலுக்கு மேலே காற்று அடுக்கடுக்காக நின்றால் அலை அதில் வளைந்து இன்னும் தூரம் வரும் என்று ஃபிசிக்ஸ் வாத்தியார் விளக்கம் சொல்வார். எனக்குத் தெரிந்தது, பங்குனி சித்திரையில் படம் கண்ணாடி மாதிரி இருக்கும் என்பதுதான். மற்ற மாதங்களில் புள்ளி புள்ளியாக மழை பெய்யும்.

அப்போது தூத்துக்குடியிலிருந்து நம்ம ஊர் வரை மொட்டைமாடிகளில் தென்னை மர உயரத்துக்குக் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டியிருந்தார்கள். எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நிற்கும். மாடியில் ஒருவன் கம்பத்தைத் திருப்ப, முற்றத்தில் ஒருவன் நிற்க, வீட்டுக்குள் ஆச்சி இருந்து "இப்ப தெரியிது... ஐயோ போயிட்டு... ஏல, இன்னும் கொஞ்சம் கெழக்க" என்று குரல் கொடுப்பாள். நீங்களும் திருப்பியிருப்பீர்கள்.

1983 ஏப்ரலில் தவணை முறையில் ஒரு டயனோரா கருப்பு வெள்ளைப் பெட்டி வாங்கினேன். ரூபவாஹினி எனக்குப் பிடித்திருந்தது, மறைக்க மாட்டேன். இலங்கை வானொலியில் அப்துல் ஹமீது, கே.எஸ். ராஜா குரல் கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. அந்தத் தமிழ் இப்போது முகத்தோடு வந்தது. செய்தி வாசிப்பவர் ழகரம் சொல்வதைக் கேட்பதற்கே எங்கள் தமிழ் ஐயா வருவார். சிங்கள நாடகங்களையும் விடமாட்டோம். மொழி ஒரு எழுத்து புரியாது. ஆனால் கிணறு, தென்னை, திண்ணை, மாமியார் எல்லாம் நம்மூர் மாதிரியே இருக்கும். கதையை மைனி தானாகவே கட்டிச் சொல்லிவிடுவாள்.

அந்த வருஷம் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவன் அப்பாவுக்குக் கொழும்பில், புறக்கோட்டைப் பக்கம், ஒரு சின்னக் கடை. இந்தக் கரையில் அது புதிதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கொழும்புக் காசில் கட்டிய வீடுகள் காயல்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் நிறைய உண்டு. பையன் தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு டிவி பார்க்க வருவான். கொழும்புத் தெருவைக் காட்டினால் எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்பான். அப்பா தெரிவாரா என்று பார்க்கிறான் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

ஜூலை 23 அன்று யாழ்ப்பாணத்தில் 13 ராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் இரவிலிருந்து கொழும்பில் தமிழர் வீடும் கடையும் எரிந்தன. 25, 27 தேதிகளில் வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே 53 தமிழ்க் கைதிகளைக் கொன்றார்கள். இதெல்லாம் நமக்கு பிபிசி தமிழோசையிலும் பேப்பரிலும் வந்து சேர்ந்தது. எங்கள் டயனோராவில் தெரிந்த அளவில் அந்த நெருப்பில் ஒரு பொறிகூட இல்லை.

அந்த வாரம் பையன் கேட்டான்: "சார், கடையெல்லாம் எரியுதுன்னு அம்மா அழுவுறா. டிவியில ஒண்ணும் காட்டலியே?"

நான் சொன்னேன்: "அவங்க நாட்டு டிவியிலேயே இல்லன்னா பெருசா ஒண்ணும் இருக்காதுல. ரேடியோக்காரன் கூட்டித்தான் சொல்லுவான். அம்மாகிட்ட போய்ச் சொல்லு."

அவன் ஓடிப்போய்ச் சொன்னான். அவளும் நம்பினாள். சார் சொன்னாரில்லையா?

28ஆம் தேதி ஜனாதிபதி ஜெயவர்த்தனா தொலைக்காட்சியில் பேசினார். எரிந்துபோன தமிழருக்கு அனுதாபமாக ஒரு வார்த்தை அதில் இல்லை. மறுநாள் பேப்பரில் படித்த பிறகுதான் நான் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. ஆகஸ்ட் கடைசியில் அவன் அப்பா வந்து சேர்ந்தார், உடுத்தியிருந்த சாரத்தோடு. கடை இல்லை. அந்தப் பையன் அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு டிவி பார்க்க வரவே இல்லை. இன்று அவனுக்கே பேரன் இருக்கிறான், இந்தப் பதிவையும் படிப்பான். பெயர் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்கிறேன்: தப்பு என்னுடையதுதான் தம்பி. சான்று எது, சான்றின் மௌனம் எது என்று போர்டில் எழுதிப்போட்டு நடத்தியவன் நான்.

சரி, மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் கோபுரம் வந்த பிறகுதான் சென்னை நமக்கு ஒழுங்காகத் தெரிந்தது. ஆன்டெனாக்கள் ஒவ்வொன்றாகத் திசை மாறின. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பிடிக்கும். அதைவிட நேயர் கடிதத்துக்குப் பதில் சொல்லும் எதிரொலி பிடிக்கும். திட்டி எழுதிய கடிதத்தையும் வாசிப்பார்கள், இன்றைக்கு எந்தச் சேனல் அதைச் செய்கிறது? ராமானந்த் சாகரின் ராமாயணம் 1987 ஜனவரி 25 தொடங்கி ஒன்றரை வருஷம், ஞாயிறு காலை ஒன்பதரைக்கு. முழுக்க இந்தி. வகுப்பில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடத்தும் எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். ஆச்சிக்கு அந்தக் கவலையே இல்லை. "தெரிஞ்ச கதைக்கு என்னய்யா பாஷ?" என்று பெட்டிக்குச் சூடம் காட்டிவிட்டு உட்காருவாள். எனக்கு அதைவிட பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் பிடித்தது. அதில் யாரும் முழுக்க நல்லவர் இல்லை.

1993 ஏப்ரல் 14இல் சன் டிவி. பிறகு ஆன்டெனாவே தேவைப்படவில்லை, கேபிள் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் வந்ததில் நாகா இயக்கிய விடாது கருப்பு எனக்கு இன்றும் முதல் வரிசை. குலசாமியைக் கேலியும் செய்யவில்லை, வியாபாரமும் ஆக்கவில்லை. மெட்டி ஒலி வந்தபோது மட்டும் நான் ஒரு தப்பான தீர்ப்புச் சொன்னேன். ஐந்து பெண்ணைப் பெற்றவர் அழுவதை வருஷக்கணக்கில் பார்க்கணுமா என்று வீட்டில் கிண்டல் செய்வேன். என் மனைவி திரும்பிப் பார்க்காமலே, "எங்க அப்பாவுக்கு நாலு" என்றாள். மறுநாளிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து முடிகிற வரை பார்த்தேன். நல்ல தொடர்தான்.

பிடிக்காதது? சீரியலில் ஒரு அறை விழுந்தால் அதை மூன்று தடவை, மூன்று பேர் முகத்தோடு காட்டுவது. ஏழு வயசுப் பிள்ளையை மேடையில் நிறுத்திக் காதல் பாட்டுப் பாடவைத்து, தோற்றதும் அழுகிற முகத்தைக் கிட்டத்தில் காட்டுவது. பிக் பாஸ் ஒரு சீசன் பார்த்தேன். அடுத்த வீட்டுச் சண்டையைச் சுவரில் காது வைத்துக் கேட்ட களைப்புத்தான் மிச்சம். எல்லாவற்றுக்கும் மேலே, நம்ம பக்கத்துப் பேச்சை இவர்கள் நடத்தும் விதம். "ஏலே" என்று சொன்னால் ஒன்று அரிவாள் வருகிறது, இல்லாவிட்டால் சிரிப்புச் சத்தம் வருகிறது. இந்த ஊரில் தாய் பிள்ளையைக் கொஞ்சுவதும் அதே "ஏலே"யில்தான் என்று கதை எழுதுபவர்களுக்கு யாராவது சொன்னால் தேவலை.

பேத்தி நோட்டில் என்ன எழுதினாள் தெரியுமா? "தாத்தாவுக்குப் பிடித்தது: விடாது கருப்பு. பிடிக்காதது: நிறைய."

உங்கள் வீட்டுக்கு முதல் டிவி எந்த வருஷம் வந்தது, அதற்கு முன் யார் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பார்த்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். மாடியேறிக் கம்பம் திருப்பியவர்கள் முதலில்.