கோல்கொண்டா வைரம்

கோல்கொண்டா வைரம் என்று உலகம் சொல்கிறது. ஆனால், கோல்கொண்டாவில் வைரம் விளைந்ததில்லை. அது குதுப்ஷாஹி சுல்தான்களின் கோட்டை நகரம். வைரம் விலைபேசப்பட்ட சந்தை. கல் கிடைத்த இடங்களோ கிருஷ்ணா நதிக்கரையிலும் கர்நூல் பக்கத்திலும் இருந்தன. 1720களில் பிரேசிலில் வைரம் கண்டுபிடிக்கப்படும் வரை, போர்னியோவில் கிடைத்த சிறிதளவு நீங்கலாக, உலகோர் அணிந்த வைரமெல்லாம் இந்திய மண்ணிலிருந்து சென்றவையே.

அரபு மக்கள் 'அல்மாஸ்' என்றழைத்த இக்கல்லைச் சுற்றிக் கதைகளும் பிறந்தன. பாம்புகள் நிறைந்த பள்ளத்தாக்கில் இறைச்சித் துண்டுகளை எறிந்து, அவற்றைக் கவ்விவரும் கழுகுகளிடமிருந்து வணிகர் வைரம் பெற்ற சிந்துபாத் கதையை நம்மில் பலர் சிறு வயதில் கேட்டிருப்போம். மார்க்கோ போலோ இதே கதையைத் தெலுங்கு நாட்டு மோட்டுப்பள்ளியின்மீது ஏற்றிச் சொல்கிறார். கல் கிடைக்கும் இடத்தை மறைப்பதற்கு வணிகர்களே இதனைப் பரப்பினார்களோ என்ற ஐயம் நமக்கு உண்டு.

கதையில் கழுகு செய்த வேலையை உண்மையில் மனிதர் செய்தனர். பதினேழாம் நூற்றாண்டில் நேரில் சென்று பார்த்த பிரெஞ்சு இரத்தின வணிகர் தவெர்னியே, கொல்லூர்ச் சுரங்கத்தில் 60,000 பேர் உழைத்ததாக எழுதுகிறார். ஆண்கள் தோண்டினர், பெண்களும் சிறுவரும் மண் சுமந்தனர். ராவல்கொண்டாச் சுரங்கத்திலோ, தொழில் தேர்ந்தவருக்கும் ஆண்டுக் கூலி மூன்று வராகன்தான்! கண்ணின் ஓரத்தில் ஒரு கல்லைச் செருகி ஒளித்துப் பிடிபட்ட ஏழை ஒருவனைப் பற்றியும் அவர் கூறுகிறார். அவனைக் கள்வனென்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

அதே ஊரில் வேறொரு காட்சியையும் அவர் கண்டார். பத்து வயது முதல் பதினாறு வயது வரையுள்ள வணிகர் வீட்டுப் பிள்ளைகள் காலைதோறும் மரத்தடியில் கூடுவர். ஒரு பக்கம் எடைக்கற்கள்; மறுபக்கம் வராகன் நிறைந்த பை. விற்க வரும் கல் முதலில் மூத்தவன் கைக்குச் செல்லும், பிறகு ஒவ்வொருவராகப் பார்ப்பர், யாரும் பேசார். மாலையில் அன்று வாங்கியவற்றைப் பெரிய வணிகரிடம் விற்று, இலாபத்தைப் பங்கிட்டுக் கொள்வர். மூத்தவனுக்கு மட்டும் சற்றுக் கூடுதல். இத்தகைய வணிகப் பள்ளி வேறெங்கும் இருந்திருக்குமா?

1526இல் ஆக்ராவில் ஹுமாயூனுக்குக் கிடைத்த பெரிய வைரத்தின் விலையை, உலகம் முழுமைக்கும் இரண்டரை நாள் உணவுக்கு ஈடு என மதிப்பிட்டதாக பாபர் எழுதினார். பொன்னால் அளக்காமல் சோற்றால் அளந்தது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அதுவே கோஹினூர் என்பாருண்டு, உறுதியான சான்றில்லை. கோஹினூரை 1739இல் நாதிர்ஷா டில்லியிலிருந்து கொண்டு சென்றார். பின்னர் பஞ்சாப் சேர்ந்த அக்கல்லை, 1849இல் பத்து வயதுச் சிறுவன் துலீப் சிங்கிடமிருந்து ஆங்கிலேயர் உடன்படிக்கை என்ற பெயரில் பெற்றனர். 186 காரட் இருந்ததை 1852இல் இலண்டனில் தேய்த்து, 106 காரட்டுக்கும் சற்றுக் குறைவாக்கினர்.

காலம் மாறியது. 1867க்குப் பின் தென்னாப்பிரிக்க வைரம் சந்தையை நிறைத்தது. கோல்கொண்டாக் கோட்டையின் அருகிலேயே ஆண்ட ஆறாவது நிஜாம் வாங்கிய ஜேக்கப் வைரமும் அங்கிருந்து வந்ததென்றே கருதப்படுகிறது. தந்தையின் காலணிக்குள் கிடந்த அதனை, உஸ்மான் அலிகான் மேசைத் தாள்கள் பறவாதிருக்கப் பயன்படுத்தினார்! இன்று கண்ணாடி அறுக்கவும் பாறை துளைக்கவும் உதவும் வைரம் பெரும்பாலும் ஆலைகளில் செய்யப்படுவது; அவ்வழியை 1954இல் அமெரிக்காவில் கண்டனர்.

கொல்லூர்ச் சுரங்கக் குழிகள் புலிச்சிந்தலா அணையின் நீருக்கடியில் மூழ்கிக் கிடக்கின்றன.