கவ்வாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையும்

இலங்கையின் நுவரெலியா, ஹட்டன் பிரதேசங்களின் மலைச்சரிவுகளில் இன்று காணும் பசுமை தேயிலையால் விளைந்ததேயாயினும், அம்மலைகளைத் திருத்திய ஆயுதங்கள், கோப்பிக் காலத்திலேயே தமிழகத்திலிருந்து கால்நடையாய் வந்து சேர்ந்த தொழிலாளரின் கைகளில் ஏறிவிட்டன. அவர்கள் மம்பட்டி என்று வழங்கிய மண்வெட்டியைத் தோட்டத் துரைமாரும் அப்பெயராலேயே தம் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டனர். கல் புரட்டும் அலவாங்கோ போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற பெயர்.

1869-ல் தலைகாட்டிய இலைத்துரு நோயால் கோப்பி நாசமுற, அதற்கு ஈராண்டு முன்னர் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை மலையெங்கும் பரவியபோது, பிரதான ஸ்தானம் கவ்வாத்துக் கத்திக்கு வாய்த்தது. சில வருஷங்களுக்கு ஒருமுறை செடியைக் குறுக்கும் கவ்வாத்து வேலை ஆண்களுக்குரியது. நன்கு தீட்டிய வளைந்த அலகால், கிளையை ஒரே வீச்சில் சாய்வாகச் சீவவேண்டும். வெட்டுவாய் பிளந்துவிட்டால் நீர் தேங்கி, மரம் உள்ளுக்குள் அழுகத் தொடங்கும்.

பெண்களுக்கோ, இடுப்பில் கட்டிய படங்கையும் தலைக்கயிற்றில் தொங்கும் கூடையையும் தவிர வேறு கருவியில்லை; விரல்களே கருவி. தோட்டத்தின் வருமானம் முழுவதும் அவ்விரல்களின் வழியே வந்ததென்பதை எந்தத் துரையும் அறியாதவரல்லர். ஆயினும், ஆண்களுக்கு இணையான நாட்கூலி அப்பெண்களுக்குக் கிடைத்தது 1984-ல்தான்.