வீட்டிலேயே ஹார்ன் ஸ்பீக்கர்: குறைந்த செலவில் கட்டுவது எப்படி? காதையும் அக்கம்பக்கத்தையும் காப்பது எப்படி?

கேமரன் மலையில் திருவிழாக் காலத்தில் கோயில் கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் பாட்டு போட்டால், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் தோட்டத்துக்கும் கேட்கும். அவ்வளவு தூரம் சத்தம் போக பெரிய ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் வேலையை முக்கால்வாசி செய்வது அந்தக் குழாயின் வடிவம்தான்.

அதே வடிவத்தை வீட்டு ஸ்பீக்கரிலும் பயன்படுத்தலாம். அதற்குப் பெயர் ஹார்ன் ஸ்பீக்கர். கடையில் வாங்கினால் விலை கண்ணைக் கட்டும். ஆனால் பலகை, பசை, ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், கொஞ்சம் பொறுமை இருந்தால் வீட்டிலேயே கட்டிவிடலாம். லயத்து வீட்டில் வசிப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றும் இதில் உண்டு: இந்த ஸ்பீக்கருக்கு ஒரு வாட் மின்சாரமே அதிகமாகிவிடலாம்.

ஹார்ன் ஸ்பீக்கர் என்றால் என்ன?

சாதாரண ஸ்பீக்கரில் ஒரு காகிதக் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. காற்று ரொம்ப லேசு, கூம்பு கனம். அதனால் சக்தியில் பெரும்பகுதி சத்தமாக மாறாமல் சூடாகவே போய்விடுகிறது. சாதாரண வீட்டு ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால், அதில் ஒரு வாட்கூட ஒலியாக மாறுவதில்லை.

ஹார்ன் இந்தக் குறையைத்தான் தீர்க்கிறது. சின்ன 'தொண்டை'யில் தொடங்கி மெல்ல மெல்ல விரிந்து பெரிய 'வாய்' ஆகும் பாதை அது. தொண்டையில் காற்று அழுத்தமாக இருப்பதால் கூம்புக்குப் பிடிமானம் கிடைக்கிறது. அந்த அழுத்தம் படிப்படியாக விரிந்து அறைக்குள் வருகிறது. கையை வாயருகே குவித்து மலையில் கூப்பிடுகிறோம் இல்லையா, அதே வித்தைதான். நல்ல ஹார்ன் 10 முதல் 30 விழுக்காடு வரை மின்சக்தியை ஒலியாக மாற்றும்.

ஆம்ப்ளிஃபயர்கள் பலவீனமாக இருந்த காலத்தில் இதுதான் ஒரே வழி. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜென்சனும் பிரிட்ஹாமும் பெருங்கூட்டத்துக்கு ஒலிபெருக்கியை இயக்கிக் காட்டியபோது பயன்பட்டது ஹார்ன். பழைய சினிமா தியேட்டர்களில் திரைக்குப் பின்னால் இருந்ததும் ஹார்ன். அமெரிக்கரான பால் கிளிப்ஷ் 1946-இல் தொடங்கிய நிறுவனத்தின் 'கிளிப்ஷ்ஹார்ன்' வீட்டு அறையின் மூலையில் வைக்கும் ஹார்ன் ஸ்பீக்கர். அது இன்றைக்கும் தயாரிப்பில் இருக்கிறது.

ஏன் இவ்வளவு பெரிசு?

ஹார்னில் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஒரு ஹார்ன் எவ்வளவு தாழ்ந்த ஒலி வரை வேலை செய்யும் என்பதை அதன் வாயின் அளவு தீர்மானிக்கிறது. பொதுவான கணக்கு: வாயின் சுற்றளவு, அந்த ஒலியின் ஓர் அலைநீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும்.

• 500 ஹெர்ட்ஸ் வரை: வாயின் விட்டம் சுமார் 22 சென்டிமீட்டர்
• 100 ஹெர்ட்ஸ் வரை: சுமார் 1.1 மீட்டர்
• 50 ஹெர்ட்ஸ் வரை: சுமார் 2.2 மீட்டர், அதாவது இரண்டு வாசல் கதவுகளைச் சேர்த்து வைத்த பரப்பு

கோயில் குழாயில் பேச்சு கணீரென்று கேட்டும் தவிலின் 'தொம்' கேட்காமல் போவதற்குக் காரணம் இதுதான். அதன் வாய் தாழ்ந்த ஒலிக்குப் போதாது.

தீர்வு இரண்டு. ஒன்று, பாதையை மடித்து ஒரு பெட்டிக்குள் அடக்குவது. இன்னொன்று, பெட்டியை அறையின் மூலையில் வைப்பது. இரண்டு சுவரும் தரையும் ஹார்னின் நீட்சியாக மாறுவதால், தேவைப்படும் வாய்ப் பரப்பு எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது.

குறைந்த செலவில் எதைக் கட்டலாம்?

மூன்று வழிகள் இருக்கின்றன.

1. பழைய குழாய் ஒலிபெருக்கியை வீட்டுக்குக் கொண்டுவருவது. மலிவுதான், ஆனால் பாட்டுக்குச் சரிவராது. பேச்சுக்கான ஒலி எல்லைதான் அதில் வரும். தவிர, பல குழாய்களில் 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதை அப்படியே வீட்டு ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் சத்தம் சரியாக வராது. பின்பக்க லேபிளைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

2. பெரிய வூஃபர் ஒரு பெட்டியில், மேல் ஒலிக்கு மட்டும் சின்ன ஹார்ன். மேடை ஸ்பீக்கர்களின் அமைப்பு இது. நல்ல சத்தம் வரும். ஆனால் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் தேவை.

3. பின்பக்க ஹார்ன். நான்கு அங்குல முழு வீச்சு ஸ்பீக்கர் ஒன்றே போதும். முன்பக்கம் நடு ஒலியையும் மேல் ஒலியையும் நேராகத் தரும். கூம்பின் பின்பக்கத்திலிருந்து வரும் சத்தம் மடித்த பாதை வழியாகப் போய் தாழ்ந்த ஒலியாக வெளியே வரும். கிராஸ்ஓவர் தேவையில்லை.

முதல் முறை கட்டுபவர்களுக்கு மூன்றாவதுதான் பொருத்தம். ஜப்பானின் ஒலி விமர்சகர் நாகாவோக்கா தெட்சுவோ இந்த வகைக்குப் பேர் போனவர். சாதாரண பிளைவுட்டை நேர்கோட்டில் வெட்டி, பெட்டி பெட்டியாக ஒட்டும் வடிவங்களை அவர் கொடுத்தார். வளைவான பலகை எதுவும் வேண்டாம். ஃபாஸ்டெக்ஸ் நிறுவனமும் தன் ஸ்பீக்கர்களுக்கான பெட்டி வரைபடங்களை வெளியிட்டிருக்கிறது.

சொந்தமாக வடிவமைக்க ஆசைப்பட்டால், டேவிட் மெக்பீன் எழுதிய 'ஹார்ன்ரெஸ்ப்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பலகையை வெட்டும் முன்பே ஒலி எப்படி வரும் என்று அது ஓரளவு காட்டிவிடும். ஆனால் முதல் ஜோடிக்கு, ஏற்கெனவே பலர் கட்டிப் பார்த்த வரைபடமே நல்லது.

காசை எங்கே போடணும், எங்கே மிச்சம் பிடிக்கணும்?

ஸ்பீக்கர் யூனிட்டுக்கும் பலகைக்கும் செலவு பண்ணுங்க. ஆம்ப்ளிஃபயரில் மிச்சம் பிடிக்கலாம். ஹார்னுக்குச் சில வாட் போதும் என்பதால், டிபிஏ3116 சிப் உள்ள சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டே வீட்டுக்குத் தாராளம். ஆனால் அதற்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். சிரிம் முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்க. 240 வோல்ட் பக்கத்தை நீங்களாகத் திறந்து வேலை செய்யாதீங்க.

பெரிய ஸ்பீக்கர் கம்பி, தங்க முலாம் பூசிய முனை இதெல்லாம் இப்போதைக்குத் தேவையே இல்லை.

மலைக் காற்று சத்தத்தை மாற்றுமா?

தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று கொஞ்சம் மெலிசு, குளிரும் உண்டு. 18 பாகை செல்சியஸில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 342 மீட்டர். கீழே 32 பாகையில் அது 351 மீட்டர். வித்தியாசம் மூன்று விழுக்காடுகூட இல்லை. ஈப்போவில் கட்டின ஸ்பீக்கரை பிரிஞ்சாங்கில் வைத்தால் காதுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது.

உண்மையான எதிரி ஈரம். தேயிலைக்கு நல்லது செய்யும் அதே பனிமூட்டம் பலகையைக் கெடுக்கும். எம்டிஎஃப் பலகை ஈரத்தை உறிஞ்சி ஓரங்களில் ஊதிவிடும். அதனால் 12 முதல் 18 மில்லிமீட்டர் பிளைவுட் எடுங்க, முடிந்தால் மரைன் பிளைவுட். உள்ளேயும் வெளியேயும் வார்னிஷ் அடிங்க. ஈரச் சுவரை ஒட்டி வைக்காதீங்க. காகிதக் கூம்பில் பூஞ்சை பிடிக்கும்.

எப்படிக் கட்டுவது?

• எட்டுக்கு நாலு அடி பலகையை ஹார்டுவேர் கடையிலோ தச்சுப் பட்டறையிலோ வெட்டித் தரச் சொல்லுங்க. கைரம்பத்தில் வெட்டினால் மூலைகளில் இடைவெளி விழும்.
• முதலில் பசை இல்லாமல் எல்லாத் துண்டுகளையும் ஒரு பக்கப் பலகை மேல் அடுக்கிப் பாருங்க. பாதையைப் பென்சிலில் வரையுங்க.
• மரப்பசை போட்டு ஒட்டுங்க. உள்ளே எங்கும் காற்று கசியக்கூடாது. சின்ன ஓட்டைகூட தாழ்ந்த ஒலியைத் தின்றுவிடும்.
• கடைசிப் பக்கப் பலகையை உடனே ஒட்டாதீங்க. நுரை டேப் வைத்து திருகாணி மட்டும் போடுங்க. ஒலியைச் சரிசெய்யத் திரும்பத் திறக்க வேண்டியிருக்கும்.
• மரத்தூள் நுரையீரலுக்குக் கெடுதல். வெட்டும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசம் கட்டாயம்.

ஒலியைச் சரிசெய்வது எப்படி?

கட்டுவது பாதி வேலைதான், மீதி பாதி இது.

முதலில் முனைகளைச் சரிபாருங்க. 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு முனைகளில் ஒரு நொடி தொடுங்க. கூட்டல் முனை சிவப்பில் பட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே மாதிரி அசையணும். ஒன்று மாறியிருந்தால் தாழ்ந்த ஒலி காணாமல் போகும்.

அடுத்தது அடைப்பு. பின்பக்க ஹார்னில் பாட்டுக்காரர் மூக்கால் பாடுவது போலவோ, குழாய்க்குள்ளிருந்து பேசுவது போலவோ கேட்டால், ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள அறையில் தலையணைப் பஞ்சு கொஞ்சம் வையுங்க. ஒவ்வொரு கைப்பிடியாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கேளுங்க. அதிகமானால் தாழ்ந்த ஒலி செத்துவிடும்.

மூன்றாவது இடம். மூலைக்கு அருகே வைத்தால் தாழ்ந்த ஒலி கூடும், தள்ளி வைத்தால் குறையும். மூன்று மீட்டர் நீள அறையில் 57 ஹெர்ட்ஸ் அருகே ஒலி தானாகவே தேங்கி 'ஊம்' என்று நிற்கும். அது ஸ்பீக்கரின் குற்றம் இல்லை, அறையின் குணம். ஸ்பீக்கரையோ நாற்காலியையோ அரை மீட்டர் நகர்த்தினாலே பாதி சரியாகும்.

நான்காவது அளவீடு. 'ரூம் ஈக்யூ விசார்ட்' என்ற இலவச மென்பொருளும், ஒரு யுஎஸ்பி அளவீட்டு மைக்கும் இருந்தால் போதும். மைக்கைக் காது உயரத்தில் வைத்து, மெல்லிய சத்தத்தில், நாலைந்து இடங்களில் அளந்து சராசரி எடுங்க. மேடாக இருக்கும் இடங்களை ஈக்வலைசரில் குறைக்கலாம். பள்ளமாக இருக்கும் இடங்களை ஏற்றி நிரப்பப் பார்க்காதீங்க. ஆம்ப்ளிஃபயர் திணறும், பள்ளம் அப்படியேதான் இருக்கும்.

கடைசியில் காது. பழகிய மனிதக் குரல்தான் சிறந்த சோதனை. மின்னல் பண்பலையில் செய்தி வாசிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கிறதா? நாதஸ்வரம் காதைக் குத்தாமல் இருக்கிறதா? உறுமி மேளத்தின் இழுப்பு ஒரே சீராக இறங்குகிறதா, நடுவில் ஒரு இடத்தில் மட்டும் வீங்குகிறதா? இந்த மூன்றும் சரியென்றால் நிறுத்திவிடலாம்.

தனி மேல் ஹார்ன் வைப்பவர்களுக்கு

இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஹார்னுக்குள் இருக்கும் கம்ப்ரஷன் டிரைவருக்குத் தாழ்ந்த ஒலி போனால் கிழிந்துவிடும். ஆம்ப்ளிஃபயரை ஆன் பண்ணும்போது வரும் 'டப்' சத்தமே போதும். 8 ஓம் டிரைவருக்கு வரிசையில் 20 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டால் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது படிப்படியாகக் குறையும். கிராஸ்ஓவரை டிஜிட்டலாகச் செய்தாலும், காவலுக்கு இது ஒன்று இருக்கட்டும்.

இன்னொன்று சத்த அளவு. ஹார்ன் 108 டெசிபல், வூஃபர் 96 டெசிபல் என்றால் ஹார்னை 12 டெசிபல் குறைக்க வேண்டும். 6 ஓம் ரெசிஸ்டர் வரிசையிலும், 2.7 ஓம் ரெசிஸ்டர் டிரைவருக்கு இணையாகவும் போட்டால் அது கிடைக்கும். ஆம்ப்ளிஃபயரின் 'உஸ்ஸ்' சத்தமும் இதனால் அடங்கும்.

ஒரு வாட் ஏன் அதிகம்?

உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 89 டெசிபலில் 5 மணி நேரம். 98 டெசிபலில் 40 நிமிடத்துக்கும் குறைவு, அதுவும் ஒரு வாரம் முழுவதுக்கும் சேர்த்து. சிறுவர்களுக்கான அளவு 75 டெசிபலில் தொடங்குகிறது.

105 டெசிபல் திறனுள்ள ஹார்னுக்கு ஒரு வாட் தொடர்ந்து கொடுத்தால், இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் 99 டெசிபல் அளவுக்குச் சத்தம் வரும். நல்ல ஹார்னில் இரைச்சல் குறைவு என்பதால், அது இவ்வளவு சத்தம் என்றே காதுக்குத் தெரியாது. ஆபத்து அதில்தான் இருக்கிறது. உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப வளராது. சத்தத்தை அளக்கத் தொலைபேசியில் ஒரு செயலி வைத்துக்கொள்ளுங்க. ஐபோனுக்கு அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு வெளியிட்ட இலவசச் செயலி உண்டு.

லயத்து வீட்டில் என்ன செய்யலாம்?

பொதுச் சுவர் உள்ள வீடுகளில் மேல் ஒலி சுவரில் நின்றுவிடும், தாழ்ந்த ஒலி நிற்காது. உங்களுக்கு மெதுவாகக் கேட்கும் 'தொம்', பக்கத்து வீட்டில் அதிகாலை வேலைக்குப் போகிறவர் தலையணைக்குள் கேட்கும்.

• பெட்டியைப் பொதுச் சுவரோடு சேராத மூலையில் வையுங்க. அடியில் தடித்த ரப்பர் போடுங்க.
• இரவில் ஈக்வலைசரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்க.
• தகரக் கூரை, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறதா என்று பாருங்க. அதிர்ந்தால் சத்தம் அளவு மீறிவிட்டது.
• மழை தகரத்தில் அடிக்கும்போது பாட்டைக் கூட்டாதீங்க. மழை நின்றதும் குறைக்க மறந்துபோகும்.
• சோதனை போடும் முன்பு பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அங்கே எப்படிக் கேட்கிறது என்றும் கேட்டுப் பாருங்க. எந்த மைக்கும் தராத அளவீடு அது.

இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்துகின்றன. தமிழ்நாட்டில் கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குத் தடையே உண்டு. ஊருக்கெல்லாம் கேட்க வேண்டும் என்று பிறந்த கருவி அது. வீட்டுக்குள் கொண்டுவரும்போது அதே வடிவம் வேறு வேலைக்குப் பயன்படுகிறது: சத்தத்தைக் கூட்டாமலே, பாடுகிறவர் மூச்சு வாங்குவது வரை கேட்கலாம்.