எஃப்டி0 எங்கே போனது?

லினக்ஸ் பிறந்தது 1991-இல். ஆரம்ப வருடங்களில் அதைக் கணினியில் ஏற்ற பிளாப்பிதான் வழி. முதலில் பூட் பிளாப்பி, அப்புறம் ரூட் பிளாப்பி என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும்! மதர்போர்டில் கேபிளால் இணைந்த அந்த டிரைவுக்கு லினக்ஸ் வைத்த பெயர் எஃப்டி0.

1998-இல் ஆப்பிளின் ஐமேக் பிளாப்பி டிரைவே இல்லாமல் வந்தது. பிறகு யூஎஸ்பியில் செருகும் வெளி டிரைவுகள் பெருகின. சிக்கலும் இங்கேதான் ஆரம்பம். இவற்றை லினக்ஸ் ஸ்கசி ஹார்ட் டிஸ்க் போலவே நடத்தி எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர் கொடுக்கும். பழைய பழக்கத்தில் எஃப்டி0-வை மவுன்ட் செய்தால் பிழைச் செய்திதான் வரும். டிரைவ் பழுது என்று தூக்கிப் போட்டால் நஷ்டம் யாருக்கு? அந்த 1.44 எம்பிக்குள் ஒரு கடையின் பல வருடக் கணக்கு இருக்கலாம். செருகியதும் டிமெசேஜ் கட்டளையை அடித்தால் புதுப் பெயர் தெரிந்துவிடும். ஃபார்மட் செய்யவும் பழைய எஃப்டிஃபார்மட் உதவாது, யூஎஃப்ஐஃபார்மட் வேண்டும்.

2019-இல் எஃப்டி0-வின் டிரைவர் நிரலைப் பராமரித்தவரிடம் வேலை செய்யும் டிரைவ் ஒன்றுகூட மிச்சமில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த நிரலை 'அநாதை' என்று குறித்தார். விற்பனையில் இருந்தவை பெரும்பாலும் யூஎஸ்பி டிரைவுகள், அவற்றுக்கு இந்த நிரலே தேவையில்லை என்பதையும் சொன்னார். பிறகு வேறொருவர் அதற்குப் பொறுப்பேற்றார்.