குழந்தை மையப் பியானோ கற்பித்தல்

குழந்தை மையப் பியானோ கற்பித்தல் என்பது பாடநூலின் வரிசையையோ தேர்வு நாளையோ முதன்மையாகக் கொள்ளாமல், கற்கும் குழந்தையின் செவி, கை, வயது, ஆர்வம் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு பியானோவைப் பயிற்றுவிக்கும் முறை ஆகும். பெரும்பாலும் வீட்டில் ஒரு குழந்தைக்கு ஒரு ஆசிரியர் என்ற முறையில் கற்பிக்கும் தனி ஆசிரியர்களே இதைப் பின்பற்றுகின்றனர். முதலில் ஒலி, பின்னர் கை, அதன் பின்னரே எழுத்துக் குறியீடு என்ற வரிசை இம்முறையின் முக்கிய கூறு ஆகும்.

கருவியும் குழந்தையின் உடலும்

பியானோ 1700ஆம் ஆண்டளவில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பார்த்தொலோமியோ கிறிஸ்தோஃபோரி என்பவரால் உருவாக்கப்பட்டது. இன்றைய பியானோவில் 52 வெள்ளைக் கட்டைகளும் 36 கருப்புக் கட்டைகளுமாக 88 கட்டைகள் உள்ளன. கட்டைகளின் அகலம் வளர்ந்தோரின் கைக்கு ஏற்ப அமைந்தது. ஏழு வெள்ளைக் கட்டைகள் அடங்கிய ஒரு ஸ்தாயியின் அகலம் ஏறத்தாழ 16.5 செ.மீ. ஆகும். ஐந்து அல்லது ஆறு வயதுக் குழந்தையின் விரல்கள் பொதுவாக ஐந்து அடுத்தடுத்த கட்டைகளை மட்டுமே இயல்பாகத் தொடும். இருக்கையில் அமரும்போது குழந்தையின் கால்கள் தரையை எட்டுவதில்லை. இந்நிலையில் உடல் முன்சரிந்து, தோளும் மணிக்கட்டும் இறுகிவிடும். இதனால் இருக்கையின் உயரத்தைச் சரிசெய்வதும், காலுக்குக் கீழே ஒரு சிறு பலகையை வைப்பதும் முதற்பாடத்தின் பகுதியாகக் கொள்ளப்படுகின்றன.

வரலாறு

குழந்தைகளுக்கு விசைப்பலகைக் கருவியைக் கற்பிப்பது குறித்த சிந்தனை பியானோ பரவலாகும் முன்னரே தொடங்கியது. பிரெஞ்சு இசைவாணர் பிரான்சுவா கூப்ரான் 1716இல் ஹார்ப்சிகார்ட் வாசிப்புக் கலை குறித்து எழுதிய நூலில், ஆறு அல்லது ஏழு வயது கற்கத் தொடங்க ஏற்றது என்றும், சில இசைத்துண்டுகள் விரல்களில் படிந்த பின்னரே குழந்தைக்கு எழுத்துக் குறியீட்டைக் கற்பிக்க வேண்டும் என்றும் குறிப்பிட்டார். சிறு கைகளுக்கு இலகுவாக அழுந்தும் கருவி வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். எனினும், ஆசிரியர் இல்லாத நேரத்தில் குழந்தை தவறாகப் பயிலாதிருக்கக் கருவியைப் பூட்டிச் சாவியை எடுத்துச்செல்வதை அவர் வழக்கமாகக் கொண்டிருந்தார். இன்றைய ஆசிரியர்கள் முதற்கருத்தை ஏற்று, இந்த வழக்கத்தைக் கைவிட்டுள்ளனர்.

ஜெர்மானிய இசையமைப்பாளர் ஜொஹான் செபாஸ்டியன் பாக் 1720இல் தம் ஒன்பது வயது மகன் வில்ஹெல்ம் பிரீடமானுக்காக ஒரு பயிற்சி ஏட்டைத் தொடங்கினார். பொது நூல் ஒன்றைப் பின்பற்றாமல் ஒரு குறிப்பிட்ட குழந்தைக்காகப் பாடங்களை எழுதியமைக்கு இது சிறந்த சான்றாகும். சுவிட்சர்லாந்தின் கல்வியாளர் யோகான் ஹைன்ரிக் பெஸ்டலோட்சியின் (1746–1827) கருத்துகள் பின்னர் இசைக்கல்வியிலும் பரவின. பொருளை உணர்ந்த பின்னரே அதன் பெயரையும் குறியையும் கற்க வேண்டும் என்பது அவற்றின் சாரம் ஆகும்.

பிரீடிரிக் வீக்

தனிப் பியானோ ஆசிரியர்களுள் மிகவும் அறியப்பட்டவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கற்பித்த பிரீடிரிக் வீக் (1785–1873) ஆவார். இவர் முதலில் இறையியல் பயின்று, செல்வர் வீடுகளில் குழந்தைகளுக்குப் பொதுப்பாட ஆசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். பின்னரே பியானோ விற்பனையிலும் கற்பித்தலிலும் ஈடுபட்டார். இவருடைய மகள் கிளாரா (பிற்காலத்தில் கிளாரா சூமான்) ஐந்து வயதளவில் தந்தையிடம் பயிலத் தொடங்கினார். தொடக்கத்தில் வீக் அவருக்குக் குறியீடுகளைக் காட்டவில்லை. தாமே எழுதிய சிறு பயிற்சிகளைச் செவிவழியாக வாசிக்கச் செய்தார். நெடுநேரப் பயிற்சியை அவர் விரும்பவில்லை. நாள்தோறும் திறந்த வெளியில் நடப்பதும், பிறருடைய இசையைக் கேட்பதும் பாடத்தின் பகுதிகளாக இருந்தன. கிளாரா தம் ஒன்பதாம் வயதில், 1828இல் லைப்சிக் கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் முதன்முறையாக மேடையேறினார். வீக் தம் கருத்துகளை 1853இல் பியானோவும் பாட்டும் குறித்த நூலாக வெளியிட்டார்.

வீக்கின் வாழ்வு இம்முறையின் மறுபக்கத்தையும் காட்டுகிறது. மகளின் நாட்குறிப்பை மகள் எழுதுவதுபோல் தன்மையிலேயே அவர் எழுதிவந்தார். சரியாக வாசிக்கவில்லை என்பதற்காக மகன் ஆல்வினை அவர் அடித்ததை, அவரிடம் பயின்ற இராபர்ட் சூமான் 1831இல் தம் நாட்குறிப்பில் பதிவுசெய்துள்ளார். கிளாரா–சூமான் திருமணத்தை வீக் எதிர்த்தமையால் அவ்விருவரும் நீதிமன்றத்தை நாடி, 1840 செப்டம்பர் 12 அன்று மணந்துகொண்டனர். குழந்தையின் செவியையும் கையையும் நன்கு அறிந்த ஆசிரியரும், குழந்தையின் விருப்பத்தை மதிக்கத் தவறினால் அம்முறை முழுமை பெறாது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

பிற்கால வளர்ச்சி

இராபர்ட் சூமான் 1848இல் தம் மூத்த மகள் மரியின் ஏழாம் பிறந்த நாளுக்காக எழுதத் தொடங்கிய சிறு துண்டுகள், 43 துண்டுகள் கொண்ட 'இளையோருக்கான தொகுப்பு' ஆக விரிந்தன. அங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் 1926 முதல் 1939 வரை எழுதிய 'மைக்ரோகாஸ்மாஸ்' ஆறு தொகுதிகளில் 153 துண்டுகளைக் கொண்டது. இதன் முதலிரு தொகுதிகள் அவருடைய மகன் பேட்டருக்கு உரிமையாக்கப்பட்டவை. ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசுகி (1898–1998), குழந்தை தாய்மொழியைக் கேட்டுப் பேசிப் பின்னர் எழுதக் கற்பதுபோல் இசையையும் கற்க இயலும் என்றார். அவருடைய முறை பின்னர் பியானோவுக்கும் விரிவாக்கப்பட்டது.

குழந்தை மையக் கல்விக்குச் சென்னையுடன் நேரடித் தொடர்பு உண்டு. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி பிரம்மஞான சபையின் அழைப்பின் பேரில் 1939இல் அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப் போரின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். அவருடைய முறையில் பயன்படும் இசை மணிகள் தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்து சுருதியில் மட்டும் வேறுபடுபவை. குழந்தை அவற்றைத் தட்டிக் கேட்டு, ஒத்த ஒலியுடைய மணிகளை இணை சேர்க்கும். பெயரும் எழுத்தும் அதற்குப் பின்னரே கற்பிக்கப்படும்.

சென்னையில் பியானோ கற்பித்தல்

சென்னையில் மேற்கத்திய இசை தேவாலயங்கள், பள்ளிகள், இசைக்கருவிக் கடைகள் ஆகியவற்றின் வழியாக வேரூன்றியது. அண்ணா சாலையிலுள்ள மியூசி மியூசிக்கல் நிறுவனம் 1842இல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கப்பட்டது ஆகும். தனி ஆசிரியர்களுள் தன்ராஜ் மாஸ்டர் குறிப்பிடத்தக்கவர். இவரிடம் பயின்றோருள் இளையராஜா, ஏ. ஆர். ரகுமான் ஆகியோர் அடங்குவர். ரகுமான் 2008இல் கே.எம். இசைக் கல்லூரியை நிறுவினார். அங்கு பியானோவும் கற்பிக்கப்படுகிறது.

மாங்காடு, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் போன்ற மேற்குப் புறநகர்ப் பகுதிகள் நகரின் மையத்திலிருந்து விலகி அமைந்தவை. மாங்காட்டிலிருந்து அண்ணா சாலை ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ளது. பள்ளி முடிந்த மாலை வேளையில் சிறு குழந்தையை அத்தொலைவு அழைத்துச் சென்று திரும்புவது எளிதன்று. ஆகையால் இத்தகைய பகுதிகளில் அருகில் வசிக்கும் தனி ஆசிரியரே முதன்மையான வாய்ப்பாக அமைகிறார்.

பல வீடுகளில் பியானோவுக்குப் பதிலாக 61 கட்டைகள் கொண்ட மின்னணு கீபோர்டு பயன்படுத்தப்படுகிறது. விலையும் இடமும் மட்டுமன்றி, ஈரப்பதம் மிக்க கடலோரக் காலநிலையில் பியானோவின் மரப்பகுதிகளையும் கம்பிகளையும் பேணுவது கடினம் என்பதும் இதற்குக் காரணம் ஆகும். கீபோர்டில் செவிப்பயிற்சியும் தாளமும் கற்க இயலும். ஆயினும் அதன் கட்டைகள் எடையற்றவை ஆதலால், விரலின் அழுத்தத்தால் ஒலியை வேறுபடுத்தும் திறன் அதில் முழுமையாக வளராது. 88 எடைமிகு கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோ இதற்கு ஓரளவு மாற்றாக அமைகிறது.

ஆசிரியரின் பின்னணி

இந்தியாவில் தனியாக இசை கற்பிப்போர் உரிமம் பெற வேண்டும் என்ற சட்டத் தேவை இல்லை. தனி ஆசிரியர்களுள் தேவாலயங்களில் ஆர்கன் வாசிப்பவர்களும், திரையிசைக் குழுக்களில் வாசித்தவர்களும், பள்ளி இசையாசிரியர்களும், லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வுகளின் உயர்நிலைகளை முடித்தவர்களும் உள்ளனர். வாசிப்புத் திறனுக்கான பட்டயம் ஒருவர் நன்கு வாசிப்பார் என்பதை மட்டுமே காட்டும். ஐந்து வயதுக் குழந்தையின் கவனம் எவ்வளவு நேரம் நீடிக்கும், அழுகைக்குக் காரணம் சோர்வா அச்சமா என்பனவற்றை அறிவது வேறு திறன் ஆகும். பாடம் நடக்கும் அறையின் கதவு திறந்திருப்பதும், பெற்றோர் காணும் தொலைவில் இருப்பதும் நல்ல வழக்கமாகக் கருதப்படுகின்றன.

பாட முறை

முதற்பாடங்களில் குழந்தை கருப்புக் கட்டைகள் இரண்டாகவும் மூன்றாகவும் தொகுக்கப்பட்டிருப்பதைக் கண்டறிகிறது. இடப்பக்கம் ஒலி தாழ்வதையும் வலப்பக்கம் உயர்வதையும் செவியால் உணர்கிறது. கைதட்டியும் நடந்தும் தாளம் பழகுகிறது. ஆசிரியர் வாசிக்கும் மூன்று ஒலிகளைத் தானும் தேடி வாசிக்கிறது. குழந்தைக்கு முன்னரே தெரிந்த தாலாட்டு, பள்ளிப் பாடல், திரைப்பாடல் போன்றவை இதற்குப் பயன்படுகின்றன. இவை கைவந்த பின்னர் ஐந்து கோடுகள் கொண்ட எழுத்துக் குறியீடு அறிமுகப்படுத்தப்படுகிறது. அப்போது குறியீடு, குழந்தை ஏற்கெனவே அறிந்த ஒலிக்கு இடப்பட்ட பெயராக அமைகிறது.

ஒரு பாடத்தில் ஒரே செயல் நெடுநேரம் நீடிப்பதில்லை. கேட்டல், வாசித்தல், பாடுதல், குறியீடு எழுதுதல் ஆகியன சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறி வரும். சிறு குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை நெடுநேரம் பயில்வதைவிட, நாள்தோறும் 10 முதல் 15 நிமிடங்கள் பயில்வதே பரிந்துரைக்கப்படுகிறது. தவறு நேரும்போது முழுத் துண்டையும் மீண்டும் வாசிக்கச் செய்யாமல், தவறிய இடத்தை மட்டும் பிரித்து, வேகத்தைக் குறைத்து, ஒரு கையால் வாசிக்கச் செய்வது வழக்கம். எங்கே தவறியது என்பதைக் குழந்தையே கூறும்படி கேட்பது, ஆசிரியர் இல்லாத நேரத்திலும் தன் வாசிப்பைத் தானே கேட்கும் பழக்கத்தை வளர்க்கிறது.

கர்நாடக இசையுடன் தொடர்பு

சென்னையில் பியானோ கற்கும் குழந்தைகளுள் பலர் கர்நாடக இசையும் பயில்கின்றனர். தமிழில் பாடகரின் சுருதியைக் கட்டை எண்ணால் குறிக்கும் வழக்கம் ஆர்மோனியத்தின் வழி வந்தது. வெள்ளைக் கட்டைகள் 'சி' முதல் ஒன்று, இரண்டு என எண்ணப்படுவதால் 'ஜி' ஐந்து கட்டை ஆகும். 'சி'க்கு அடுத்த கருப்புக் கட்டை ஒன்றரைக் கட்டை ஆகும். 'சி'யை சட்ஜமாகக் கொண்டால் வெள்ளைக் கட்டைகள் மட்டும் சங்கராபரணத்தின் சுரங்களைத் தரும். இதுவே மேற்கத்திய இசையின் மேஜர் ஸ்கேல் ஆகும். சரளி வரிசை பயிலும் மாயாமாளவகௌளைக்கு ரிஷபமும் தைவதமும் கருப்புக் கட்டைகளாக மாறும். கமகத்தைப் பியானோவில் வாசிக்க இயலாது. இவ்வேறுபாட்டைக் குழந்தையே பாடியும் வாசித்தும் கண்டறியும்படி விடும்போது, இரு இசைகளும் ஒன்றையொன்று குழப்புவதற்குப் பதிலாகத் தெளிவுபடுத்துகின்றன.

தேர்வுகளும் விமர்சனங்களும்

டிரினிட்டி நிலைத் தேர்வுகள் தொடக்க நிலை முதல் எட்டாம் நிலை வரை அமைந்தவை. இவை தனி ஆசிரியரிடம் பயிலும் குழந்தைக்குத் தெளிவான இலக்கையும், வெளியாரின் மதிப்பீட்டையும் அளிக்கின்றன. ஆனால் ஆண்டு முழுவதும் தேர்வுக்குரிய சில துண்டுகளை மட்டுமே பயின்று, உயர்நிலையை எட்டிய பின்னரும் புதிய பாடல் ஒன்றைத் தானே வாசிக்க இயலாத நிலை ஏற்படுவதுண்டு. குழந்தை மைய ஆசிரியர்கள் தேர்வை மறுப்பதில்லை. குழந்தை அந்நிலைக்கு மேற்பட்டு வாசிக்கத் தொடங்கிய பின்னரே விண்ணப்பிக்கச் செய்கின்றனர்.

இம்முறையில் முன்னேற்றம் மெதுவாகத் தோன்றும் என்பதும், செவிவழியாக நெடுங்காலம் பயின்ற குழந்தை குறியீட்டை வாசிக்கத் தயங்கும் என்பதும் இதன் மீதான முக்கிய விமர்சனங்கள் ஆகும். குழந்தையின் விருப்பத்தை மட்டும் பின்பற்றினால் ஒழுங்கான பயிற்சி அமையாது என்ற கருத்தும் உள்ளது. இதற்கு விடையாக, எதைக் கற்பது என்பதை ஆசிரியரும், எவ்வளவு விரைவில் கற்பது என்பதைக் குழந்தையின் நிலையும் முடிவுசெய்ய வேண்டும் என்று இம்முறையினர் கூறுகின்றனர். ஆசிரியரிடமிருந்து விலகிய பின்னரும் குழந்தை தானாகப் பியானோ முன் அமர்கிறதா என்பதையே அவர்கள் தம் கற்பித்தலின் அளவுகோலாகக் கொள்கின்றனர்.